முப்பத்தாறும் வந்தாச்சு

பள்ளிக்கூடத்தில் அவரை விசில் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே விசில் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் விசில். முப்பத்தொரு வருடமாக உடற்பயிற்சி ஆசிரியர். வீட்டுக்குப் போன பிறகும் கழுத்து விசிலைக் கழற்ற மறந்துவிடுவார் என்றும், ஒருநாள் சாப்பாடு வரத் தாமதமானதும் மனைவியைப் பார்த்து ஊதிவிட்டார் என்றும் ஒரு கதை உலவியது. அதில் பாதிதான் உண்மை. மறந்தது நிஜம், ஊதியதில்லை. ஊதியிருந்தால் அந்த விசில் இன்றைக்கு அவரிடம் இருந்திருக்காது என்பார் மனைவி.

பெரிய ஆசிரியர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. பொறுமை கிடையாது. பந்து கோட்டைத் தாண்டிப் போனால் அடித்தவனைத் திட்டாமல் பக்கத்தில் நின்றவனைத் திட்டுவார். இருபது வருடமாக ஒரே நகைச்சுவைகள். ஆனால் ஒன்று உண்டு. அவர் கற்றுக்கொடுத்தது பிள்ளைகளின் கையில் நிற்கும். காற்றடிக்கிற பக்கம் முதுகு காட்டிக் கூடாரம் போடுவது, முளையைக் கயிறு இழுக்கிற திசைக்கு எதிராகச் சாய்த்து அடிப்பது, ஈரத் தரையில் அடுப்பு பற்றவைப்பது எல்லாம் அவரிடம் படித்தவர்களுக்கு வருடக்கணக்கில் மறப்பதில்லை. ஏன் கற்றோம் என்பதை மறந்திருப்பார்கள், கை மறந்திருக்காது.

முகாம் என்ற பேச்சே பதினொரு வருடமாகப் பள்ளியில் இல்லை. இந்த வருடம் தலைமையாசிரியை, பெரிய மேடம் என்று எல்லோரும் சொல்கிறவர், அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"பக்கத்து ஸ்கூல்ல மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம் சார். பேரன்ட்ஸ் எல்லாம் நம்மகிட்ட கேக்கறாங்க. ஒன்பதாம் கிளாஸ், முப்பத்தாறு பிள்ளைங்க. மூணு நாள். ஆறு வாரம் டைம் இருக்கு. ட்ரெய்னிங் குடுக்க உங்களை விட்டா யாரு இருக்கா?"

"நானா மேடம்?"

"பின்ன, கம்ப்யூட்டர் சாரா? அவருக்கு வெயில் பட்டாலே தலைவலி."

மேசைமேல் ஒரு படிவம் இருந்தது. எட்டுக் கேள்விகள். கடைசியில், "மாணவர்கள் அனைவரும் வெளியில் தங்கத் தயாராக உள்ளனர் எனச் சான்றளிக்கிறேன்" என்று ஒரு வரி, அதன் கீழே பயிற்சியாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் சரி என்றார்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவர். காலை ஆறிலிருந்து ஊசி குத்திவிட்டு வந்து அப்போதுதான் காலை நீட்டியிருந்தார்.

"வேண்டாம்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானே? ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம். சும்மா பந்தை உருட்டிப் போட்டுட்டு உக்காரக் கூடாதா?"

"யாராவது கத்துக் குடுத்துத்தானே ஆகணும்."

"நாள் முழுக்க ஊரார் ரத்தத்தை நான் எடுக்கறேன். வீட்டுக்கு வந்தா என் ரத்தத்தை நீங்க எடுக்கறீங்க" என்றார் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பையனை நினைச்சுத்தானே ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

அந்தப் பையன் என்றால் பழைய முகாமின் இருபத்தொன்றாம் எண்.

முகாமில் பெயர் கிடையாது, எண்தான். அது அவர் வைத்த வழக்கம். இரண்டு இரண்டு பேராக ஜோடி. ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும் என்று போகும். விசில் ஊதினால் ஓடிவந்து வரிசையில் நின்று ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்லவேண்டும். கடைசி ஆள் எண்ணைச் சொன்னதோடு, "முப்பத்தாறும் வந்தாச்சு சார்!" என்றும் கத்தவேண்டும். பதினொரு வருடத்துக்கு முந்தைய முகாமிலும் முப்பத்தாறு பேர்தான்.

அந்த முகாமில் ஒருநாள் சாயங்காலம் தூறல் ஆரம்பித்திருந்தது. இருபத்தொன்று தண்ணீர் பாட்டிலை ஓடைக்கரையில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். விசில் ஊதுவதற்குள் வந்துவிடலாம் என்று நினைத்துத் திரும்பி ஓடினான். வரவில்லை. அவன் திட்டு வாங்கக்கூடாதே என்று ஜோடியான இருபத்திரண்டு, வகுப்பில் நண்பனுக்கு வருகை சொல்கிற பழக்கத்தில், அவன் எண்ணையும் சேர்த்துச் சொன்னான். முப்பத்தாறும் வந்தாச்சு சார் என்று கடைசிப் பையன் கத்தினான். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். படுக்கப் போகும்போது ஒரு போர்வை மடித்தபடியே கிடந்ததைப் பார்த்த பிறகுதான் தேடத் தொடங்கினார்கள். காலை ஏழு மணிக்குப் பாறை இடுக்கில் உயிரோடு கிடைத்தான். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பிறகு சேர்ந்தது, ஆனால் சரியாகச் சேரவில்லை.

விசாரணை நடந்தது.

"எண்ணினீங்களா?"

"எண்ணினேன்."

"எத்தனை வந்தது?"

"முப்பத்தாறும் வந்தது."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பழி இருபத்திரண்டின் தலையில் விழுந்தது. அவன் பெற்றோர் அவனை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொண்டார்கள். விசில் சார்மேல் குற்றமில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அந்த இரண்டு எண்களும் ஒரே குரலில் வந்ததை நீங்கள் கேட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. அது அவர் காதில் விழுந்தது. கேட்டுத் தலையைத் திருப்பி இருபத்திரண்டைப் பார்க்கவும் செய்தார். அவன் தரையைப் பார்த்தான். மழை வலுத்துக்கொண்டிருந்தது, பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள், எண்ணிக்கை சரியாக இருந்தது. அவர் சொன்னது, "சரி, சாப்பிடப் போங்க." இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. சொல்லாமல் விட்டது ஒருநாள் இருநாளில்லை, பதினொரு வருடம். முதலில் வாய் வரவில்லை. பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டியிருந்தது.

அந்தப் பதினொரு வருடத்தில் அவர் யோசித்துவைத்த ஒரே விஷயம் கயிறு. குரலை ஒருவர் இன்னொருவருக்குக் கடன் கொடுக்கலாம், கையைக் கொடுக்க முடியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. நீளமான கயிறு ஒன்றை எடுத்து, கைக்கெட்டுகிற தூரத்துக்கு ஒன்றாக முப்பத்தாறு முடிச்சுப் போட்டார். ஆளுக்கொரு முடிச்சு. விசில் ஊதினால் ஓடிவந்து அவரவர் முடிச்சைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்கவேண்டும். அவர் சுற்றிவந்து ஒவ்வொரு கையையும் தொட்டு எண்ணுவார். வீட்டு மொட்டைமாடியில் ஒரு முனையை மனைவியிடம் கொடுத்து முடிச்சுப் போட்டபோது, "முகாம் முடிஞ்சதும் இதை எனக்குக் குடுத்துடுங்க. துணி காயப்போட ஆகும்" என்றார் மனைவி.

ஆறு வாரமும் மைதானத்தில்தான் வகுப்பு. முதல் வாரம் கூடாரம் மூன்று தடவை அவர்கள் தலையிலேயே விழுந்தது. "இது கூடாரமில்லை, குடும்பத்தோட போர்த்திக்கற போர்வை" என்று இருபது வருடத்துப் பழைய நகைச்சுவையைச் சொன்னார். அவர்களுக்கு அது புதிது, சிரித்தார்கள். இரண்டாம் வாரம் வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொடுத்துப் பள்ளிக்கூடத்துப் பின்வாசலைக் கண்டுபிடிக்கச் சொன்னார். ஆறு பேர் ஆசிரியர் கழிப்பறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாம் வாரத்துக்குள் பத்து நிமிடத்தில் கூடாரம் நின்றது, சுற்றிலும் வாய்க்கால் வெட்டத் தெரிந்தது, அடிபட்ட இடத்தை எங்கே அழுத்தவேண்டும் என்று தெரிந்தது. நல்ல பிள்ளைகள் என்று அவருக்கே தோன்றியது. அதை அவர் அவர்களிடம் சொல்லவில்லை.

அவர் தினமும் சொன்னது வேறு. "உன் ஜோடியை விட்டுடாதே. சண்டை போடு, திட்டு, பேசாம இரு. ஆனா விட்டுடாதே."

ஒன்பதும் பத்தும் ஒரு ஜோடி. ஒன்பது வாய் திறக்காத பெண். எதற்கும் கடைசி ஆளாக வருவாள், குரல் கொஞ்சம் உயர்ந்தால் கண் கலங்கிவிடும். பத்து அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

"சார், ஒன்பதுக்கு ஷூ கடிக்குதாம்."

"அவளுக்கு வாய் இல்லையா?"

"இருக்கு சார். சாப்பிடறதுக்கு மட்டும் வச்சிருக்கா."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒன்பதும் சிரித்தாள். விசில் சார் திரும்பிக்கொண்டார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசிச் சனிக்கிழமை, நாலு மணி. வெயில் தணிந்திருந்தது. எல்லோரும் கூடாரங்களைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒன்பதைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சாமான் அறைக்குள்ள போய் உக்காரு. நான் கூப்பிடறவரைக்கும் வராதே. யார்கிட்டயும் சொல்லிக்காதே. பயப்படாதே, உனக்கு ஒண்ணுமில்லை. மத்தவங்களுக்குத்தான் பரீட்சை."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். ஐந்து நிமிடம் கழித்து விசில் ஊதினார்.

ஓடிவந்தார்கள், கயிற்றைப் பிடித்தார்கள், வட்டம் நின்றது. அவர் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். முடிச்சுமேல் கை, கைமேல் அவர் விரல். ஒன்று, இரண்டு, மூன்று. வியர்த்த கைகள், மண் ஒட்டிய கைகள், மை படிந்த ஒரு கை. நகம் கடித்த கை ஒன்று. தொட்டுக்கொண்டே நடந்தார். வட்டம் அழகாக நின்றது, கயிறு தொய்வில்லாமல் இருந்தது. ஆறு வார உழைப்பு கண்முன்னால் நிற்பதுபோல் இருந்தது. முப்பத்தாறாவது கையைத் தொட்டதும் அந்தப் பையன் வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

"முப்பத்தாறும் வந்தாச்சு சார்!"

"சபாஷ்" என்றார் அவர்.

அந்தச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் ஒன்பது சாமான் அறையில் இருக்கிறாள் என்பது அவருக்கு நினைவு வந்தது.

திரும்பிப் பார்த்தார். பத்து இரண்டு கையையும் அகல விரித்து நின்றிருந்தாள். இடது கையில் ஒன்பதாவது முடிச்சு, வலது கையில் பத்தாவது. அந்த இரண்டு கையையும் அவர் தொட்டிருந்தார். ஆள் இல்லை என்று தெரிந்தவர், இல்லாமல் செய்தவரே அவர்தான், அவரே தொட்டு எண்ணிக் கடந்துபோயிருந்தார்.

"ஒன்பது எங்க?" என்றார்.

"பாத்ரூம் போயிருப்பா சார்."

"போயிருப்பாளா? போனதைப் பார்த்தியா?"

"இல்ல சார்."

"அப்ப எங்க போனான்னு தெரியாமலே அவ முடிச்சைப் பிடிச்சியா?"

"வந்துடுவா சார். லேட்டா வந்தா நீங்க கத்துவீங்க, அவ அழுவா. ஜோடியை விட்டுடாதேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" பத்து கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அவர் கற்றுக்கொடுத்ததை அவள் சரியாகத்தான் கற்றிருந்தாள். அன்பு காட்டச் சொன்னவரும் அவர், கணக்குக் காட்டச் சொன்னவரும் அவர். இரண்டும் மோதும் இடத்தில் பதினான்கு வயது எதைத் தேர்ந்தெடுக்கும் என்று யோசிக்காதது அவர் தவறு. அதுகூடப் பரவாயில்லை. பிள்ளைகளைத் திருத்தலாம், இன்னும் ஆறு வாரம் போராடலாம். தன்னை என்ன செய்வது? எண்ணுகிறவன் உள்ளதை எண்ணுவதில்லை. சரியாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே எண்ணுகிறான். இடையில் ஒரு ஓட்டை தெரிந்தால் அவன் விரலே அதைத் தாண்டிப் போய்விடுகிறது. பதினொரு வருடத்துக்கு முன்னால் மழை என்று ஒரு சாக்கு இருந்தது. இன்றைக்கு மழைகூட இல்லை.

சாமான் அறைக்குப் போனபோது ஒன்பது பந்து மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். "நான் பாஸா சார்?" என்று கேட்டாள். அவள் தானாகப் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே பெரிய மேடத்திடம் போய்க் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார்.

"ஏன்?"

நடந்ததைச் சொன்னார். மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு பொண்ணு கயித்தை ரெண்டு கையால பிடிச்சா. அதுக்காக முப்பத்தாறு பேர் ட்ரிப்பை நிறுத்தணுமா? பஸ் சொல்லியாச்சு சார். திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் தர்றேன், நல்லா யோசிங்க. அதுக்குள்ள இந்தப் பெற்றோர் சம்மதப் படிவத்தை முப்பத்தாறு காப்பி எடுத்துட்டு வந்துடுங்க."

பள்ளிக்கு எதிரே ஒரு நகலெடுக்கும் கடை. மூன்று பக்கமும் சுவர், ஒரு இயந்திரம், ஒரு உயரமான நாற்காலி. அந்த நாற்காலியில் நாலு வருடமாக உட்கார்ந்திருப்பவன் இருபத்தொன்று. வாரத்தில் இரண்டு தடவையாவது விசில் சார் அங்கே போவார். வினாத்தாள், வருகைப் பட்டியல், போட்டிச் சான்றிதழ். அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் எத்தனை காப்பி, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்பதுதான். காகிதக் கட்டு எடுக்க அவன் இறங்கி நடக்கும்போது அவர் சாலையைப் பார்ப்பார்.

படிவத்தை வாங்கி அவன் தலைப்பைப் படித்தான்.

"முகாமா சார்?"

"ஆமாம்ப்பா."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களா? நல்லது." மூடியைத் திறந்து தாளை வைத்தான். "எத்தனை?"

"முப்பத்தாறு."

இயந்திரத்தின் வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்வந்தது. ஏழெட்டுத் தாள் விழுந்திருக்கும். அவர் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உன் நம்பரை அவன் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. ஒரே குரல்தான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் விட்டுட்டேன்."

இருபத்தொன்று இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே சொன்னான். சார் என்னையே பார்த்தாருடா, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், சாப்பிடப் போங்கன்னுட்டாருன்னு. சொல்லிட்டு அழுதான்."

"பதினொரு வருஷமாத் தெரியுமா?" அவர் பலகையிலிருந்து கையை எடுத்தார். "ஏம்ப்பா ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்லி என்ன சார் ஆகப்போகுது? கால் நேராயிடுமா?" தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினான். "நீங்களே சொல்லுவீங்கன்னு கொஞ்ச நாள் பார்த்தேன். அப்புறம் அதையும் விட்டுட்டேன். கிளிப் போடவா, பின் அடிக்கவா?"

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பார். அவன் இரண்டும் செய்யவில்லை. அந்த விஷயத்தில் விசில் சாரிடமிருந்து அவனுக்கு வேண்டியது எதுவும் இல்லாமல் போய் ரொம்ப நாளாகியிருந்தது. "கிளிப்" என்றார் அவர்.

மனைவியிடம் அன்றுதான் சொன்னார். மனைவி கேட்டு முடித்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டா என்கூட இத்தனை வருஷம் சாப்பிட்டீங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் குழாய்ச் சத்தமும் பாத்திரச் சத்தமும் மட்டும்தான்.

திங்கட்கிழமை பெரிய மேடத்திடமும் சொன்னார். இந்தத் தடவை முழுதாக, இருபத்திரண்டின் குரல், தரையைப் பார்த்த முகம், சாப்பிடப் போங்க என்றது வரை. "என்னாலயே எண்ண முடியலை மேடம். வேற யாராலயும் முடியாது. தயவுசெஞ்சு நிறுத்திடுங்க" என்றார். உண்மையைச் சொன்னால் அது ஏதாவது ஒன்றை நிறுத்தும் என்று அவர் நம்பினார். ஐம்பத்தெட்டு வயதில் அது கொஞ்சம் அதிகமான நம்பிக்கைதான்.

மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"அந்தப் பையன்கிட்ட. வீட்ல."

"அதோட நிறுத்துங்க. பதினொரு வருஷம் முன்னாடி மூடின ஃபைலை இப்ப எதுக்குத் திறக்கணும்? உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு போட்டுக்கறேன். நீங்க வர வேண்டாம்."

"முகாம்?"

"அது நடக்கும். நீங்க நல்லாத்தான் ட்ரெய்ன் பண்ணியிருக்கீங்க. நானே பார்த்தேனே."

கம்ப்யூட்டர் சார் அந்தக் கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை காலை வாசலில் பேருந்து நின்றது. விசில் சார் தோளில் கயிற்றுச் சுருளோடு வந்தார். கம்ப்யூட்டர் சார் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றித் துண்டு என்று வெயிலோடு போருக்குப் போகிறவர்போல நின்றிருந்தார்.

"கயிறா? வேண்டாம் சார். போன்ல ஒரு குரூப் போட்டிருக்கேன். நான் விசில் படம் அனுப்பினா ஒவ்வொருத்தரும் அவங்க நம்பரை அனுப்பணும். உக்காந்த இடத்துலயே எண்ணிடலாம்."

"யார் போன்ல இருந்து யார் அனுப்பறான்னு எப்படித் தெரியும்?"

"சார், பிள்ளைங்களைக் கொஞ்சம் நம்புங்க சார்."

விசில் சார் பேருந்தில் ஏறினார். பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள். ஒவ்வொரு இருக்கையாக நின்று, கையைத் தொடாமல், முகத்தைப் பார்த்து எண்ணினார். பாதியில் தன்மேலேயே நம்பிக்கை போய்த் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். ஒன்பது ஜன்னலோரம் இருந்தாள். பத்து, "சார், நீங்க வரலையா? உடம்பு சரியில்லையாமே" என்றாள்.

"அவ எங்க போனாலும் கூடப் போ. அவ இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. அவளுக்குத் திட்டு விழட்டும். விழுந்தா விழட்டும். புரியுதா?"

"சரி சார்" என்றாள் பத்து, எதற்கும் சரி சார் சொல்கிறவள். ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். முப்பத்தாறு பேர் இருந்தார்கள். இறங்கினார்.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறாம் வகுப்புக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு மைதான ஓரத்தில் நின்று வானத்தைப் பார்ப்பார். மேகம் வந்தால் அது கலையும்வரை நகரமாட்டார். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

சனிக்கிழமை நாலரை மணிக்குப் பேருந்து திரும்பியது. வாசலில் நின்று இறங்கும் முகங்களை எண்ணினார். முப்பத்தாறு. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த நிமிடம் காவலாளியின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நிம்மதி அவ்வளவு நேரம்தான் இருந்தது. பத்து மூட்டையோடு ஓடிவந்தாள்.

"சார், சூப்பரா இருந்துச்சு சார்! எங்க கூடாரம்தான் ஃபர்ஸ்ட். காத்துக்கு ஆடவே இல்லை. நீங்கதான் பயந்துக்கிட்டே இருந்தீங்க."

"ஜோடியோட இருந்தியா?"

"இருந்தேன் சார். ஒரு தடவை மட்டும் ஒன்பதும் இன்னும் மூணு பேரும் ஓடைப் பக்கம் போயிட்டாங்க. தண்ணி பட்டுடும்னு போனை எல்லாம் எங்கிட்ட குடுத்துட்டுப் போனாங்க. நாலு நம்பரையும் அவங்கவங்க போன்ல இருந்து நானே குரூப்ல போட்டுட்டேன். அரை மணியில வந்துட்டாங்க." சிரித்தாள். "பாத்தீங்களா சார், ஒண்ணுமே ஆகலை."

ஒன்பது பின்னால் நின்று தலையாட்டினாள். அவர் இரண்டு பேரையும் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை என்பதைவிடப் பெரிய சாட்சி உலகத்தில் கிடையாது. அதை எதிர்த்துப் பேசுகிறவன் விபத்துக்கு ஆசைப்படுகிறவனாகத்தான் தெரிவான். அவர்கள் பத்திரமாகத் திரும்பியது அவருக்குச் சந்தோஷம்தான். அதே திரும்பல்தான் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பொய்யாக்கியது. இனி எந்த வருடமும் அவர் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை.

"வீட்டுக்குப் போங்க. அம்மா அப்பா காத்துக்கிட்டிருப்பாங்க" என்றார்.

அடுத்த வாரம் பெரிய மேடம் அறிவிப்புப் பலகையில் படங்களை ஒட்டினார். அடுத்த வருடம் இரண்டு பேருந்து, எழுபத்திரண்டு பிள்ளைகள். நடைபாதையில் விசில் சாரைப் பார்த்து, "உடம்பு இப்ப பரவாயில்லையா சார்?" என்று விசாரித்தார், அந்த வியாதியை அவரே கொடுத்தது மறந்துபோனவர்போல. "விளையாட்டு விழாவுக்குக் கயிறு இழுக்கிற போட்டி வச்சுக்கலாம். உங்ககிட்ட நீளமா ஒண்ணு இருக்கே. அந்த முடிச்சை எல்லாம் எடுத்துடுங்க."

சாமான் அறையில் பந்து மூட்டைமேல் உட்கார்ந்து அவர் முடிச்சுகளைப் பிரிக்கத் தொடங்கினார். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு, அவரே தேர்ந்தெடுத்தது. ஆறு வாரம் முப்பத்தாறு பேர் இழுத்திருந்தார்கள். நகம் நுழையவில்லை. கூடார முளையின் கூர்முனையை விட்டு நெம்பிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். கயிற்றில் பிள்ளைகளின் வியர்வையும் மண்ணும் கலந்த உப்பு இருந்தது. ஒரு மணி நேரத்தில் ஐந்து முடிச்சு அவிழ்ந்தது.

வெளியே ஒன்பதாம் வகுப்பு வந்து நின்றது. பத்தின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது.

"சார், வரிசையில நின்னுட்டோம். எல்லாரும் வந்தாச்சு சார்!"

அவர் விசிலை எடுத்து உதட்டில் வைத்தார். ஊதவில்லை. எழுந்து எண்ணப் போகவும் இல்லை. வந்திருப்பார்கள், வராமலும் இருப்பார்கள். ஆறாவது முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.